எலும்புக்கு ஒரு வேலி

கண்ணு,

போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து என் மனசு உன் கிளினிக்கிலேயே இருக்கிறது. கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்ததெல்லாம் வேறு. இப்போது உன் பெயர்ப் பலகைக்குக் கீழே, நீ மட்டும் நின்று, எலும்புத் துகள் வைத்து, மேலே மெம்பிரேன் போட்டுத் தைக்கப் போகிறாய். "எந்த மெம்பிரேன் வாங்கட்டும் பெரியப்பா?" என்று கேட்டாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். முப்பத்தைந்து வருடத்தில் நான் சறுக்கிய இடங்களை ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எண் போட்டிருப்பது நீ தேடி எடுக்க வசதிக்காகத்தான்.

1. மெம்பிரேன் என்கிற அந்தச் சவ்வு ஒரு வேலி. வேலி எதற்கு என்பதை முதலில் மனசில் வை. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி உன் அப்பாரு வைத்த கிளுவை வேலி உனக்கு நினைவிருக்கும். மழை பெய்து கொழுக்கட்டைப் புல் தளிர்விடும் நேரத்தில் ஆடு உள்ளே புகுந்தால் அந்த வருடம் காடு மொட்டைதான். அப்பாரு விடிந்ததும் வேலியோரமாக ஒரு சுற்று நடப்பார். சந்து தெரிந்த இடத்தில் முள்ளை வெட்டிச் செருகுவார். புல்லுக்கென்று அவர் வேறொன்றும் செய்து நான் பார்த்ததில்லை. வளர்க்கிறது மண். வேலி ஆட்டை மட்டும் நிறுத்துகிறது.

வாயிலும் இதே கதைதான். பல் எடுத்த குழியில், கரைந்துபோன எலும்பின் மேல், இரத்தம் உறைந்து நிற்கிறது. அந்த இடத்துக்கு எந்தச் செல்கள் முந்தி வந்து குடியேறுகின்றனவோ அவற்றின் திசுதான் அங்கே உருவாகும். மெல்ச்சர் 1976இல் எழுதிய கட்டுரையின் சாரம் அது. ஈறின் மேல்தோல் ஒரு நாளில் அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று நகர்ந்துவிடும். எலும்புச் செல்களோ இரத்தக் குழாய்கள் வழி போட்ட பிறகு மெல்ல வருகிறவை. போட்டி வைத்தால் எலும்பு ஒரு நாளும் ஜெயிக்காது. சுவீடனில் கோத்தன்பர்க்கைச் சேர்ந்த நைமன், லிண்டே, கார்ரிங் குழுவினர் 1982இல் ஒரு மனிதரின் கீழ் முன்பல்லில், ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் மில்லிபோர் தாளை வேலியாக வைத்துக் காட்டினார்கள். 1988இல் டாலினும் சகாக்களும் எலியின் தாடையில் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லான் சவ்வால் மூடினார்கள். மூடிய பக்கம் ஆறு வாரத்தில் எலும்பால் நிறைந்தது. மூடாத பக்கம் மாதக்கணக்கில் குழியாகவே கிடந்தது. துகள் ஒன்றும் போடவில்லை. ஒரே எலி, ஒரே எலும்பு, வேலி மட்டும்தான் வித்தியாசம். கல்லூரி நூலகத்தில் அந்தக் கட்டுரையின் மங்கலான ஜெராக்ஸைப் படித்த சாயங்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

2. சவ்வைத் தேர்ந்தெடுக்கும் முன் நோயாளியைப் பார். எக்ஸ்-ரேயைப் பார்க்கச் சொல்லவில்லை, ஆளைப் பார்க்கச் சொல்கிறேன். பல் துலக்குகிறாரா, சர்க்கரை எப்படி, வெற்றிலை, ஹான்ஸ், பீடி உண்டா, சொன்ன தேதிக்கு வருகிறவரா? ஹெச்.பி.ஏ.1.சி ஏழுக்கு மேல் இருந்தால் நான் தள்ளிப்போட்டுவிடுவேன். அது நான் எனக்காக வைத்துக்கொண்ட வரம்பு.

கேள்வியை எப்போது, யார் முன்னால் கேட்கிறாய் என்பதும் முக்கியம். நாற்பது வயது விசைத்தறிக்காரர் ஒருவர் தன் அப்பாவோடு வந்தார். "சிகரெட், பீடி பழக்கம் உண்டா?" என்று அங்கேயே கேட்டேன். "இல்லைங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் வந்தபோது தையல் விரிந்து, சவ்வு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. குனிந்து பார்க்கையிலேயே பீடி வாசம். கோபமாகக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயன் முன்னாடி எப்படிங்க சொல்றது?" என்றார். அன்றைக்கு என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் சொன்னது பொய் என்று எழுதுவதா, நான் கேட்டது தப்பு என்று எழுதுவதா? இரண்டாவதைத்தான் என் நோட்டில் எழுதினேன். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேள்.

3. துகள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் வைக்காதே. இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

பல வருடங்களுக்கு முன் அறுபது வயது அம்மா ஒருவர். காங்கேயம் பக்கத்துக் கிராமம், வீட்டில் நாலைந்து மாடு. கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்த இடத்தில் எலும்பு போதவில்லை. மாட்டெலும்பிலிருந்து தயாரித்த துகளை வைத்து, பன்றித் தோலின் கொலாஜன் சவ்வால் மூடித் தைத்தேன். படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நாலு மாதம் கழித்து வந்தார். காயம் அருமையாக ஆறியிருந்தது. ஃபார்மசி படிக்கிற பேரன் ஃபைலைப் புரட்டியபோது டப்பாவிலிருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்துச் சொல்லியிருக்கிறான். "டாக்டருங்க, அது மாட்டு எலும்புங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் துகளில் உயிர்ப்பொருள் எதுவும் மிச்சமில்லாமல் எடுத்துவிடுவார்கள், சுண்ணாம்புச் சத்து மட்டும்தான் நிற்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பட்டிப் பொங்கலன்னிக்கு நான் விழுந்து கும்பிடறனுங்க. கேட்டிருந்தீங்கன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." சத்தம் போடவில்லை. அழவில்லை. மாடு பாலைத் தராமல் எக்கிக்கொள்ளும்போது பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

அந்த எலும்பில் பிறகு வைத்த இம்பிளாண்ட் நன்றாக நின்றது. புத்தகக் கணக்கில் அது வெற்றி. என் கணக்கில் அதைவிடப் பெரிய தோல்வி எனக்கு இல்லை. அதற்குப் பிறகு மேஜை மேல் டப்பாக்களை வைத்து, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்: இது மாட்டிலிருந்து, இது பன்றியிலிருந்து, இது இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு, இது தொழிற்சாலையில் செய்தது, இன்னொன்று உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுப்பது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து வரும் மனித எலும்பு நம்மூர் டாக்டர்கள் பலருக்குப் பழக்கமானதுதான். விலங்குப் பொருள் எதுவும் வேண்டாம் என்கிறவருக்கு ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் துகளும் டெஃப்லான் சவ்வும் இருக்கின்றன. இஸ்லாமிய நோயாளி பன்றிக் கொலாஜன் என்றதும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்டு வரட்டும். சிலர் மருந்துதானே என்று ஒப்புக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். எதுவானாலும் அது அவர் வாய், அவர் நம்பிக்கை. விளக்கம் கொடு, வற்புறுத்தாதே.

4. சிறிய குழியில் ஆரம்பி. சுற்றிலும் எலும்புச் சுவர் நிற்கிற குழி உனக்கு உதவி செய்யும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் தொழிலுக்கென்றே சொன்னது போல இருக்கும். பல் எடுத்த குழியைக் காப்பாற்றுவது, இம்பிளாண்ட் வைக்கும்போது ஒரு பக்கம் தெரிகிற சின்னத் திறப்பை மூடுவது, பிறகு அகலத்தைக் கூட்டுவது, கடைசியாகத்தான் உயரத்தைக் கூட்டுவது. இந்த வரிசையைத் தாண்டாதே. நான் தாண்டினேன். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த சூட்டில், ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குக் கீழ்த் தாடையின் பின்பக்கம் உயரத்தைக் கூட்டப் போனேன். மூன்றாவது வாரம் சவ்வு வெளியே வந்து, சீழ் கட்டி, எல்லாவற்றையும் எடுத்தபோது முன்பிருந்த எலும்பிலும் கொஞ்சம் போயிருந்தது. அவருக்கு நான் உயரத்தைக் கொடுக்கவில்லை, இருந்ததைப் பிடுங்கினேன். பயிற்சியில் காட்டிய படங்களில் இருந்தது இருபது வருடம் பழகிய கை. என் கையில் இருந்தது மூன்று நாள்.

இன்னொன்று. போனதைக் கட்டுவதைவிட இருப்பதைக் காப்பது எளிது. பல் எடுத்த ஒரு வருடத்தில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று ஷ்ராப் குழுவினர் 2003இல் அளந்து காட்டினார்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. ஆகவே பல் எடுக்கிற அன்றைக்கே யோசி. எடுக்கும்போது வெளிப்பக்கச் சுவரை நெம்பி உடைக்காதே. காகிதம் போல இருக்கும் அது.

5. எல்லோருக்கும் இது வேண்டாம். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவையாக இருந்தால் பிரிட்ஜ் போதும் என்று சொல்லத் தயங்காதே. தாலிக்கொடியை அடகு வைத்து வருகிறவர்களும் உன் நாற்காலியில் உட்காருவார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

6. துகள் டப்பாவைத் திறக்கும் முன், ஈறு இழுக்காமல் மூடுகிறதா என்று பார்த்துவிடு. எங்கள் பேராசிரியர் ஒருமுறை நான் போட்ட எட்டுத் தையலையும் ஒவ்வொன்றாக வெட்டச் சொன்னார். நோயாளி மயக்க ஊசியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வெட்டியதும், ஃபிளாப் என்கிற அந்த ஈறு மடல் சடாரென்று பின்னால் போனது. "பார்த்தியா? தையல் சேர்த்துப் பிடிக்கத்தான். இழுத்துப் பிடிக்கிற வேலையை அது மூணு நாள்தான் செய்யும்" என்றார். பிறகு புது பிளேடைக் கையில் கொடுத்து, ஃபிளாப்பின் உட்புறம் பெரியாஸ்டியத்தை மட்டும் ஒரே கோடாகக் கீறச் சொன்னார். ஆழம் கூடக் கூடாது. பிளேடு நுனி மட்டும். வெள்ளைப் படலம் பிரிந்ததும் ஃபிளாப் நனைந்த துணி போலத் தொய்ந்து தானாக முன்னால் வந்து, எதிர்க்கரையைத் தாண்டிப் படுத்தது. அந்தக் காட்சி இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

நீயும் அப்படியே பார். இடுக்கியால் மெல்லப் பிடித்து வைத்துவிட்டு, விட்டுவிடு. கரையைத் தாண்டி நாலைந்து மி.மீ. அதுவாகக் கிடந்தால்தான் துகளைத் திற. துகள் வைத்த பிறகு உள்ளே மேடு கூடும், அதற்கும் சேர்த்து ஈறு வேண்டும். கீழ்த் தாடையில் முன்கடைவாய்ப் பல் பக்கம் மென்டல் நரம்பு வெளியே வருகிற இடத்தை முதலில் கண்ணால் பார்த்துக்கொள். பார்க்காமல் கீறினால் ஒருவரின் உதடு வாழ்நாள் முழுக்க மரத்துக் கிடக்கும். படுக்கைவாட்டு மேட்ரஸ் தையல் பாரத்தைத் தாங்கட்டும், ஓரத்தை மெல்லிய தனித்தனித் தையல் மூடட்டும். பத்து முதல் பதினான்கு நாள் வரை எடுக்காதே.

7. எலும்பில் இரத்தம் வரட்டும். வெள்ளையாக, பளிங்கு மாதிரி இருக்கிற வெளி எலும்பின் மேல் துகளைக் கொட்டினால் பாறை மேல் விதை தூவியது போலத்தான். சின்ன உருண்டை பரால் ஊசித்துளை போலச் சில துளைகள் போடு, உப்புநீர் விட்டுக்கொண்டே. உள்ளிருந்து சிவப்பு கசியும். உன் செல்கள் அங்கிருந்துதான் வரப்போகின்றன.

8. அடைக்காதே, அசையவும் விடாதே. துகளை இறுக்கி அமுக்கினால் நடுவில் இரத்தக் குழாய் நுழைய வழியிருக்காது. கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. அளவுள்ள துகள்களுக்கு இடையே இருக்கிற வெற்றிடம்தான் எலும்பு குடியேறும் வீடு. நோயாளியின் இரத்தத்திலேயே நனைத்து, கரண்டியால் மெல்ல வை. சவ்வு குழியின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு, மூன்று மி.மீ. படிந்திருக்க வேண்டும். மேலிருந்து விரலால் மெல்லத் தள்ளிப் பார். சவ்வு நகர்ந்தால் சின்ன ஆணியால் இறுக்கு, அல்லது தையலால் கட்டு. ஆடுகிற சவ்வுக்கடியில் எலும்பு வராது, நார்தான் வரும். ஆட்டிக்கொண்டே இருந்தால் நாற்று வேர் பிடிக்குமா? வாங், பொயாபதி இருவரும் 2006இல் இவற்றை நாலாகச் சுருக்கினார்கள்: முழு மூடல், இரத்தக் குழாய், இடம், உறைகட்டியின் அசையாமை. தேர்வுக்கு நீ மனப்பாடம் செய்திருப்பாய். இனி அந்த நாலும் உன் விரலுக்குத் தெரிய வேண்டும்.

9. உன் கேள்விக்கு வருகிறேன், எந்த மெம்பிரேன்? நாங்கள் ஆரம்பித்த காலத்தில் விரிவாக்கிய டெஃப்லான் சவ்வுதான். இடத்தை நன்றாகக் காக்கும், ஆனால் தானாகக் கரையாது, எடுக்க இன்னொரு முறை ஈறைத் திறக்க வேண்டும். வெளியே தெரிந்துவிட்டால் கிருமி ஏறிவிடும். இன்றைக்குப் பெரும்பாலும் கொலாஜன். அது என்ன என்று புரிய நீ ஈரோட்டுத் தோல் ஷாப்பையோ ராணிப்பேட்டையையோ நினைத்துக்கொள். பச்சைத் தோல் அழுகிவிடும், பதனிட்ட தோல் வருடக்கணக்கில் நிற்கும். நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புப் போடுவதுதான் பதனிடுதல். கொலாஜன் சவ்விலும் அதே வித்தைதான். சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் செருப்புத் தோலோடு காயத்துக்குப் போடும் கொலாஜனையும் ஆராய்ந்தார்கள் என்றால் அதன் காரணம் இதுதான். பிணைப்புப் போடாத சவ்வு திசுவோடு சீக்கிரம் இழைந்துவிடும், சில வாரங்களிலேயே தளர்ந்து கரையத் தொடங்கும். பிணைத்தது மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் இரத்தக் குழாய்கள் உள்ளே வர நேரமாகும்.

சின்னக் குழிக்குப் பிணைப்பில்லாத கொலாஜன் போதும். பெரிய மேட்டுக்கு டைட்டானியம் கம்பி வைத்த டெஃப்லானோ வலையோ வேண்டியிருக்கும், அதற்கு உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் குணம் தெரிகிற வரை அதிலேயே நில். கம்பெனிக்காரர்கள் மாதம் ஒரு டப்பாவோடு வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்களிடம் பேசு, டீ கொடு. சவ்வை மட்டும் நீயே தேர்ந்தெடு.

10. தற்காலிகப் பல்லைப் பற்றி முதல் நாளே பேசிவிடு. ஸ்கூட்டியில் விழுந்து மேல் முன்பல் போன பெண் ஒருத்தி, இருபத்து நாலு வயது. வெளிப்பக்க எலும்பு முழுதாக நொறுங்கியிருந்தது. துகள் வைத்து, சவ்வு போட்டு, அழகாக மூடினேன். தையல் பிரிக்க வந்த அன்றைக்குத்தான் அவள் அப்பா பத்திரிகையை நீட்டினார். ஏழாவது வாரம் முகூர்த்தம். "பல்லில்லாமல் எப்படிங்க மேடையில் உட்கார வைக்கிறது?" அவர் கண் கலங்கியது. எனக்கும் மனசு கேட்கவில்லை. கழற்றி மாட்டுகிற அக்ரிலிக் பல் செய்து கொடுத்தேன். ஈறைத் தொடாமல் சுரண்டித்தான் கொடுத்தேன். கல்யாண வீடு, விருந்து, மறுவீடு என்று அந்தப் பல் ராப்பகலாக வாயிலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அமுக்கியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திறந்தேன். வெளிப்பக்கம் நான் கட்டிய மேடு சப்பையாகக் கிடந்தது. பாதி அகலம் இல்லை. அந்தப் பெண் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, "இதுக்காகத்தானே டாக்டர், பரவாயில்லை" என்று காட்டினாள். அவள் சிரிப்பு அந்தப் படங்களில் அழகாகத்தான் இருந்தது.

பக்கத்துப் பற்களில் ஒட்டுகிற பல்லை அன்றைக்கே செய்திருக்கலாம். பற்களின் மேல் மட்டும் உட்காருகிற மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் பல் வைத்துக் கொடுத்திருக்கலாம். தேதியை நான் முன்கூட்டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணம், சீமந்தம், வெளிநாட்டு விசா, பரீட்சை, சபரிமலை என்று எல்லாவற்றையும் சிகிச்சைக்கு முன் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்.

11. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று முறை சொல்: உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். நம் ஊரில் ஆபரேஷன் என்றால் பார்க்க ஆள் வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் உதட்டை இழுத்துக் காட்டினால் எந்தத் தையல் நிற்கும்? கண்ணாடி முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் அதேதான். மற்றதைத் தமிழில் அச்சடித்துக் கொடு: அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம், அங்கே பிரஷ் வேண்டாம், குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, கன்னம் வீங்கினால் பயப்பட வேண்டாம். அன்று இரவு எட்டு மணிக்கு நீயே போன் செய். அந்த ஒரு போன் அவர்களைத் தூங்க வைக்கும். உன்னையும்தான்.

12. சவ்வு வெளியே வந்தால் மறைக்காதே. வரும், கண்ணு. எனக்கு வந்தது, என் பேராசிரியருக்கும் வந்தது. மக்டேய் 2001இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு வளர்க்கும்போது சவ்வு மூடியே இருந்த இடங்களில் சுமார் 3 மி.மீ. எலும்பு, வெளியே தெரிந்த இடங்களில் அரை மி.மீ.தான். அந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டே ஒரு வங்கி ஊழியரிடம் "இதெல்லாம் சகஜம், ஆறிவிடும்" என்று நான் சொன்னேன். பயம்தான் காரணம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு டாக்டரிடம் போய் உண்மையைத் தெரிந்துகொண்டார். எலும்பு போனதற்கு அவர் வருத்தப்படவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

கண்ணாடியைக் கொடுத்துக் காட்டு. என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு கிடைக்காமல் போகலாம் என்று சொல். கொலாஜனாக இருந்து சின்னத் திறப்பாக இருந்தால், மருந்தில் கொப்பளித்துச் சுத்தமாக வைத்து அடிக்கடி வரச் சொன்னால் பல நேரம் ஈறு மூடிக்கொள்ளும். மறுபடி இழுத்துத் தைக்கப் போகாதே, புண் பெரிதாகும். முழுதாக மூட வேண்டிய டெஃப்லான் வெளியே வந்து சீழ் தெரிந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துவிடு. மறுபடி செய்ய நேர்ந்தால் உன் உழைப்புக்குக் காசு வாங்காதே.

13. திறக்க அவசரப்படாதே. மாட்டெலும்புத் துகள் எக்ஸ்-ரேயில் முதல் நாளே வெள்ளையாகத்தான் தெரியும். அதைப் பார்த்து எலும்பு வந்துவிட்டது என்று நம்பினேன் ஒரு தரம். துபாய்க்குத் திரும்ப வேண்டியவர், லீவு முடிகிறது, மூன்றரை மாதத்தில் திறக்கச் சொல்லி மன்றாடினார். ஸ்கேன் வெள்ளையாக இருந்தது. திறந்தேன். கரண்டி பட்டதும் துகள்கள் ஊறிய ரவை போலப் பிரிந்து வந்தன. அடியில் நல்ல எலும்பு இரண்டு மி.மீ. எழும்பியிருந்தது. இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் மேலேயும் வந்திருக்கும். அந்த இளசான எலும்பை என் கையாலேயே சுரண்டிக் கிண்ணத்தில் போட்டேன். சின்னக் குழிக்கு நாலு மாதம், அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு அதற்கும் மேல். யார் கெஞ்சினாலும் இதில் இறங்காதே. ஆடு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டோம், கடைசியில் நாமே மேய்ந்துவிடக் கூடாது.

14. ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு கேஸுக்கும் நாலு படம்: திறந்தபோது, துகள் வைத்தபோது, தைத்தபோது, மறுபடி திறந்தபோது. பிசகியவற்றின் படங்களை முன்பக்கத்தில் ஒட்டு. மாநாட்டில் காட்டுவதற்கு நல்ல படங்களைத் தேடுவோம், அது மனித குணம். உனக்குச் சொல்லித்தரப் போவது முன்பக்கத்துப் படங்கள். என்னுடைய நோட்டுகள் நாலும் அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. விசைத்தறிக்காரர், டீச்சரம்மா, கல்யாணப் பெண், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பெயர்களை மட்டும் மை போட்டு அழித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்றாய். அன்றைக்கு மத்தியானம் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காதே. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் கை நடுங்கும். ஆறு மாதம் என்றால் கார்த்திகை வரும். திறக்கிற நாளைச் சனிக்கிழமையாக வை, நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பேச மாட்டேன், ஓரமாக நிற்கிறேன். நீ ட்ரில்லை வைக்கும்போது அந்தப் புது எலும்பிலிருந்து சிவப்பாக ஒரு துளி கசியும் பார், அதை உன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உன் பெரியப்பா